ஆடை புதிது, அச்சம் எதற்கு?



இரண்டு திங்களுக்கு முன் ஒரு ஞாயிறு காலை, திருப்பலி முடிந்தபின் ஒரு தாய் தம் மகளை அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். மகள் பட்டப்படிப்பை முடித்தவள். மறுநாள் நகரத்தில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர இருந்தாள். ஆசி பெற்ற பின்னும் இருவரும் போகவில்லை. தாயே தயங்கித் தயங்கிப் பேச்சைத் தொடங்கினார்.

“சாமி, வேலைக்குப் போட்டுட்டுப் போக இவ குர்த்தியும் பலாசோவும் வாங்கி வச்சிருக்கா. சேலை கட்டிட்டுப் போன்னு நான் சொல்றேன். நாலு பேரு என்ன பேசுவாங்களோன்னு பயமா இருக்கு.”

மகள் தலையைக் குனிந்தவாறே சொன்னாள்: “அங்க எல்லாரும் இப்படித்தான் வருவாங்க சாமி. சேலையில போனா பட்டிக்காடுன்னு நினைப்பாங்க. ஆனா இதைப் போட்டுக் கண்ணாடியில பார்த்தா எனக்கே கூச்சமா இருக்கு.”

தாய்க்கு ஊரைக் குறித்து அச்சம். மகளுக்கு நகரத்தைக் குறித்து அச்சம். இருவரும் அஞ்சியது பிறர் கண்களுக்கே. ஆடை இடையில் அகப்பட்டுக்கொண்டது, அவ்வளவுதான். இந்த அச்சம் நம் இல்லங்கள் பலவற்றில் உண்டு என்பதை நான் அறிவேன். ஆகவே இத்திங்கள் அதைப் பற்றியே சற்று மனம்விட்டுப் பேச விரும்புகின்றேன்.

பலாசோ என்பது யாது எனப் பெரியவர்கள் வினவக்கூடும். கால்கள் இரண்டும் மிக அகலமாகத் தைக்கப்பட்ட காற்சட்டை அது. நடக்கும்போது பாவாடை போலவே தோன்றும். முழங்கால் வரை இறங்கும் குர்த்தியுடன் அதை அணிந்தால், உடலை மறைப்பதில் சேலைக்கு அது சற்றும் குறைந்ததன்று. பிறகு ஏன் தயக்கம்? அது புதிது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

ஆனால் நாம் பழையது என்று போற்றுவதும் ஒரு காலத்தில் புதியதாக இருந்ததே. இன்று பெரும்பாலோர் சேலை உடுத்தும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்கொசுவம் வைத்து, உள்பாவாடையும் இரவிக்கையும் அணிந்து, முந்தானையை இடத்தோளில் இடும் இம்முறை பரவியதில், இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் சத்தியேந்திரநாத்தின் மனைவியாகிய ஞானதானந்தினி தேவிக்குப் பெரும் பங்கு உண்டு. 1860களில் கணவருடன் பம்பாய்க்குச் சென்ற அவர், அங்கே பார்சிப் பெண்கள் சேலை உடுத்திய விதத்தைக் கண்டு, அதைத் தமக்கேற்ப மாற்றிக்கொண்டார். பெண்கள் வெளியே செல்வதற்குத் தக்க உடை வேண்டும் என்பதே அவர் நோக்கம். நம் பக்கத்திலோ பின்கொசுவம் வைத்துக் கண்டாங்கி உடுத்திய பாட்டிமார் பலர் இரவிக்கையையே அறியாமல் வாழ்ந்து முடித்தனர். ஆக, ‘தொன்றுதொட்டு வந்த நம் உடை’ என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, நம் கொள்ளுப்பாட்டியின் காலத்துப் புதுமையே.

குமரி மாவட்டத்து வாசகர்களுக்கு இதைவிடக் கசப்பான வரலாறு ஒன்று தெரியும். அப்பகுதி திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த காலத்தில், நாடார் குலப் பெண்கள் மார்பின்மேல் ஆடை அணிவதே குற்றமாகக் கருதப்பட்டது. கிறிஸ்தவ மறையைத் தழுவிய பெண்கள் துணிந்து குப்பாயம் அணிந்தபோது, சந்தைகளிலும் தெருக்களிலும் அவர்கள் தாக்கப்பட்டனர். அவர்களுடைய ஆடைகள் கிழிக்கப்பட்டன. பல்லாண்டுகள் நீடித்த தோள்சீலைப் போராட்டத்தின் பின், 1859 ஜூலை 26 அன்றுதான் அரசர் நாடார் பெண்கள் அனைவரும் மேலாடை அணியலாம் என அறிவித்தார். அப்போதுங்கூட உயர்சாதிப் பெண்களைப் போல் அணியலாகாது என்ற தடை நீங்கவில்லை. மேனியை மறைத்ததே அன்று ‘அடக்கமின்மை’ எனப்பட்டது! ஒரு பெண் எதை உடுத்தலாம் எனத் தீர்ப்புக் கூறும் ஊர், எப்போதும் ஒழுக்கத்தின் பெயராலேயே பேசும். ஆனால் அதன் மனத்தில் இருப்பது எப்போதும் ஒழுக்கமாக இருப்பதில்லை.

சுடிதாரின் கதை நாம் கண்ணால் கண்டதே. 1980களிலும் 1990களிலும் அது நம் ஊர்களில் பரவத் தொடங்கியபோது, வடநாட்டு உடை என்றும் திமிர்பிடித்த உடை என்றும் பேசியோர் பலர். 2019ஆம் ஆண்டு தலைமைச் செயலக ஊழியர்களுக்குத் தமிழ்நாடு அரசு உடை விதிகளை வகுத்தபோது, கண்ணியமான உடைகளின் வரிசையில் சேலையுடன் துப்பட்டா அணிந்த சுடிதாரும் இடம்பெற்றது. இரவில் துயில்வதற்கென மேனாட்டில் தோன்றிய நைட்டியோ, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு இன்று மளிகைக் கடை வரை சென்று வருகின்றது. அதை அணிந்த தாய்மாரே மகளின் பலாசோவைக் கண்டு திடுக்கிடுவது சற்று வேடிக்கைதான்!

திருச்சபையின் சட்டமும் காலத்தோடு மாறியதுண்டு. கோவிலில் பெண்கள் தலையை மூடியிருக்க வேண்டும் என 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு விதித்தது. 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் அவ்விதி காணப்படவில்லை. நம் தாய்மார் பலர் இன்றும் பக்தியோடு முக்காடிட்டு வருகின்றனர், அது போற்றுதற்குரியது. ஆயினும் முக்காடின்றி வருபவளைத் திரும்பிப் பார்த்து முகம் சுளிக்க நமக்கு உரிமையில்லை.

இவ்விடத்தில் என் குற்றமொன்றை நான் மறைத்தலாகாது. சில ஆண்டுகளுக்குமுன், வேறொரு பங்கில் பணியாற்றுகையில், இடுப்பளவே வந்த சட்டையும் இறுக்கமான காற்சட்டையும் அணிந்து பாடகர் குழுவில் நின்ற ஒரு பெண்ணைக் கண்டேன். அன்றைய மறையுரையில், பெயர் சொல்லாமல், ஆனால் யாரைச் சொல்கின்றேன் என எல்லாரும் அறியுமாறு, உடையைப் பற்றிக் கடுமையாகப் பேசிவிட்டேன். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. ஒரு நாள் அவளுடைய பாட்டி என்னைக் கண்டு சொன்னார்: “அது அவ அக்கா போட்டுக் கழிச்ச உடுப்பு சாமி. பிள்ளை வளந்துருச்சு, உடுப்பு வளரலையே. கோவிலுக்குப் போட அவகிட்ட வேற நல்லது இல்ல.” வறுமையை நான் வெட்கமின்மை என்று வாசித்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க அவ்வீட்டிற்குச் சென்றபோது, அவள் வேலை தேடி வெளியூர் போயிருந்தாள். அவளுடைய குரலை அந்தக் கோவில் மீண்டும் கேட்கவில்லை. பெற்றோரே, பெரியோரே, ஒரு பெண்ணின் உடையைப் பற்றி வாய் திறக்குமுன் இதை நினைவுகூருங்கள்.

அடக்கம் வேண்டாமா எனக் கேட்பீர்கள். கட்டாயம் வேண்டும். ஆனால் அது யாருடைய கடமை? இச்சையோடு நோக்குவதைப் பற்றிப் பேசிய நம் ஆண்டவர், நோக்குகின்றவனின் கண்ணைத்தான் கண்டித்தாரேயன்றி, நோக்கப்பட்டவளின் ஆடையை அன்று. 2015ஆம் ஆண்டு தமிழ் இதழொன்று, லெகிங்ஸ் அணிந்து சாலையில் சென்ற பெண்களின் படங்களை வெளியிட்டு அதை ஆபாசம் எனச் சாடியபோது, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. எது ஆபாசம்? அவர்கள் அணிந்ததா? அதைப் படமெடுத்து விற்றதா? நம் ஆண்மக்களுக்கும் இதைச் சொல்லி வளர்ப்போம். திருத்தூதர் பவுல் பெண்களின் அணிகளைப் பற்றி எழுதியபோது சுட்டிக்காட்டியவை பொன்னும் முத்தும் விலையுயர்ந்த ஆடையும். அவர் கண்டித்ததில் பகட்டும் அடங்கும். அவ்வகையில், சேலையின் விலையை மிஞ்சும் கூலி கொடுத்து இரவிக்கைக்கு ஆரி வேலை செய்து, அதற்காகக் கடன்படும் நம் திருமண வீடுகள்தாம் முதலில் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

ஜெனீவாவின் ஆயராக இருந்த புனித பிரான்சிஸ் சலேசியார், 1609இல் வெளிவந்த தம் நூலில், பக்தியுள்ளோர் சபையில் உள்ளவர்களுள் நன்றாக உடுத்தியவர்களாகவும், அதே வேளையில் பகட்டில் எல்லாரினும் குறைந்தவர்களாகவும் இருக்க வேண்டும் என்ற கருத்தைக் கூறினார். நன்றாக உடுத்துவது பாவமன்று. அது நம்மோடு பழகுவோருக்கு நாம் செய்யும் மரியாதை.

இனி, இளம் பெண்மக்களே, உங்களோடு சில சொற்கள். தையற்கலை அறிந்த நம் மறைமாவட்டத்து அருட்சகோதரி ஒருவரிடம் கேட்டறிந்தவற்றையும் சேர்த்தே சொல்கின்றேன்.

முதலாவது, அளவு. ஆயத்த ஆடைகளில் ஒட்டியிருக்கும் அளவு எழுத்து கடைக்குக் கடை மாறும், அதை நம்பாதீர்கள். தோள் தையல் உங்கள் தோள் எலும்பின் முனையில் நிற்கின்றதா எனப் பாருங்கள். கைகளை உயர்த்துங்கள், குனியுங்கள், நாற்காலியில் அமருங்கள், பேருந்துப் படியில் ஏறுவதுபோல் காலைத் தூக்குங்கள். எங்கும் இழுத்துவிடத் தேவையில்லை எனில், அது உங்கள் ஆடை. சற்றுத் தளர்வாக இருப்பதைத் தையற்காரரிடம் கொடுத்துப் பிடித்துக்கொள்ளலாம். இறுகியதை விரிப்பது அரிது.

இரண்டாவது, துணி. நம் வெயிலுக்குப் பருத்தியே உகந்தது. பாலியெஸ்டர் வியர்வையை உறிஞ்சுவதில்லை. ரேயான் மென்மையானது, ஆனால் முதற்சலவையில் சுருங்கக்கூடும். ஆதலால் ஒரு முறை நனைத்து உலர்த்திய பின்னரே அளவு திருத்தக் கொடுங்கள். வெளிர்நிறத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கை தெரிந்தால் உள்துணி வைத்துத் தையுங்கள்.

மூன்றாவது, பழக்கம். புதிய ஆடையை முதன்முறையாக முக்கியமான நாளில் அணியாதீர்கள். வீட்டில் அரைநாள் அணிந்து வேலை செய்யுங்கள். பின்னர்த் தோழியின் வீடுவரை சென்று வாருங்கள். அன்று காலணியும் பையும் பழகியவையாகவே இருக்கட்டும். கூச்சத்தில் பாதி, பழகாமையே.

நான்காவது, ஒப்பீடு. கைப்பேசியில் நீங்கள் காணும் அழகிகளின் ஆடை, படமெடுக்கும்போது முதுகுப்புறம் ஊசிகளாலும் கிளிப்புகளாலும் இழுத்துப் பிடிக்கப்படுவது உண்டு. படமும் பின்னர்த் திருத்தப்படுவது உண்டு. அப்படத்தோடு உங்கள் உடலை ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். உங்கள் நிறத்திலும் உயரத்திலும் பருமனிலும் இறைவன் தவறு செய்துவிடவில்லை.

ஐந்தாவது, செலவு. நாகரிகம் ஆண்டுதோறும் மாறும். மாதச் சம்பளம் அவ்வளவு விரைவாக மாறாது. அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் அழகிய அனார்கலி தைக்கலாம். ‘இந்த ஆண்டு அனைவரும் அணிகின்றனர்’ என்பது மட்டுமே ஓர் ஆடையை வாங்கக் காரணமாயின், வாங்காதீர்கள். உங்களுக்குப் பிடித்து, உங்களுக்குப் பொருந்தி, உங்கள் கைக்கு அடங்கியதாயின், யார் என்ன சொன்னாலும் அஞ்சாமல் அணியுங்கள். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். ஆடையின் பாதியைத் தையற்காரர் பார்த்துக்கொள்வார். ஆளின் பாதியை நாம்தாம் வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அன்று அந்தத் தாய்க்கும் மகளுக்கும் இவ்வளவும் நான் சொல்லவில்லை. “அம்மா, நீங்கள் முதன்முதலில் நைட்டியோடு கடைக்குப் போனபோது உங்கள் மாமியார் என்ன சொன்னார்?” என்று மட்டும் கேட்டேன். தாய் சிரித்துவிட்டார். மகளிடம், “சேலை கட்டியவளைப் பட்டிக்காடு என்பவனுக்கும் அஞ்சாதே, பலாசோ அணிந்தவளைத் திமிர் என்பவளுக்கும் அஞ்சாதே. எதில் உன்னால் வேலையைக் கவனிக்க முடியுமோ, அதை அணிந்து போ” என்றேன்.

சென்ற ஞாயிறு அந்தத் தாய் கோவில் வாசலில் என்னைக் கண்டார். “இப்ப அவ துப்பட்டாவ இழுத்து இழுத்து விடுறதே இல்ல சாமி. வேலையப் பத்தித்தான் பேசுறா. வெள்ளிக்கிழமை மட்டும் என் சேலையக் கட்டிட்டுப் போறா” என்றார்.

நம் இல்லங்களில் பெண்மக்கள் நிமிர்ந்து நடக்கட்டும். அவர்களை நிமிரவிடும் சொற்களே நம் வாயிலிருந்து வரட்டும்.

இறையாசி உங்கள் அனைவரோடும் இருப்பதாக.

அன்புடன்,
உங்கள் பங்குத் தந்தை