நாற்பது கிரெடிட்டில் ஒரு நிபுணரா?

ஆறு மாதமோ ஒரு வருடமோ படித்துத் தடய அறிவியலில் ஒரு சான்றிதழ் வாங்கிவிட்டால் போதும், கையுறை மாட்டிக்கொண்டு கொலை நடந்த வீட்டுக்குள் நுழையலாம், அரசாங்கமே கூப்பிட்டு வேலை தரும் என்ற நம்பிக்கை குன்றத்தூர் தொடங்கி ஒரகடம் வரைக்கும் பரவிக் கிடக்கிறது. கம்பெனி பஸ்ஸில் பேசிக்கொள்கிறார்கள். பிளஸ் டூ ரிசல்ட் வரும் வாரத்தில் டீக்கடையில் பேசிக்கொள்கிறார்கள். அசெம்பிளி லைனில் நின்றே வயசைக் கழித்த அப்பாவுக்கு, மகளாவது வெள்ளைக் கோட்டு போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கட்டும் என்று ஆசை. அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. அதற்கு விலை வைத்து விற்கிறவர்களோடுதான் என் சண்டை. விற்கிறவர் சொன்னதை ஒரு கேள்விகூடக் கேட்காமல் பக்கத்து வீட்டுக்கும் சொல்லி அனுப்புகிற நம்மோடும் கொஞ்சம் சண்டை உண்டு.

முதலில் சரக்கு என்னவென்று பிரித்துப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் இளநிலைப் படிப்புகளுக்கு ஒரு புதுக் கட்டமைப்பை வெளியிட்டது. அதன்படி, பட்டப்படிப்பில் சேர்ந்த மாணவர் முதல் வருடத்தோடு நிறுத்திக்கொள்ள விரும்பினால் அவர் 40 கிரெடிட் எடுத்திருக்க வேண்டும். கோடை விடுமுறையில் 4 கிரெடிட் மதிப்புள்ள தொழிற்பாடம் ஒன்றையும் முடித்திருக்க வேண்டும். அப்போது கையில் கிடைப்பதுதான் இளநிலைச் சான்றிதழ். இரண்டு வருடம் படித்து 80 கிரெடிட் எடுத்தால் டிப்ளமோ, 120 எடுத்தால் பட்டம், 160 எடுத்தால் ஆனர்ஸ். நடுவில் போனவர் மூன்று வருடத்துக்குள் திரும்பி வந்து சேர்ந்துகொள்ளலாம். மொத்தப் படிப்பையும் ஏழு வருடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

அதாவது, பயணத்தைப் பாதியில் முடித்துக்கொள்பவர் வெறுங்கையோடு போகக் கூடாதே என்று கொடுக்கிற அத்தாட்சி இது. அதையே ஊர் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியாக விற்கிறார்கள். அந்த 40 கிரெடிட்டும் ரத்தக்கறையும் கைரேகையும்தான் என்று நினைத்துவிட வேண்டாம். மொழிப்பாடம், சுற்றுச்சூழல், வேறு துறையிலிருந்து ஒரு பாடம், திறன் பாடம் எல்லாம் அதற்குள்ளேயே அடக்கம். ஆய்வக வேலையில் ஒரு கிரெடிட் என்றால் 30 மணி நேரம். முதல் வருடத்தில் அப்படி எத்தனை கிரெடிட் தேறும் என்று சேர்க்கையின்போதே பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கி எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். கேட்பவர்தான் குறைவு.

இதுவாவது ஒரு பல்கலைக்கழகம் கையெழுத்துப் போடுகிற தாள். இன்னொரு வகை இருக்கிறது. மாடி அறையில் பத்து நாற்காலி, சுவரில் எலும்புக்கூட்டுப் படம், ஆறு மாத வகுப்பு, பொன்னிற எழுத்தில் சான்றிதழ். 1956ஆம் ஆண்டின் மானியக் குழுச் சட்டம் 22ஆம் பிரிவில் பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்று கறாராகச் சொல்கிறது. சான்றிதழுக்கு அப்படி ஒரு வேலி கிடையாது. யாரும் அச்சடிக்கலாம். சட்டம் தடுக்கவில்லை என்பதையே ‘அங்கீகாரம் உண்டு’ என்று திருப்பிச் சொல்லத் தெரிந்தவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள். வணிகவியல் படித்த பிள்ளையையும் சேர்த்துக்கொள்கிறார்கள்; வேதியியல் வேண்டாமா என்று கேட்டால், ‘அதெல்லாம் நாங்களே சொல்லிக் கொடுத்திடுவோம் சார்’ என்கிறார்கள். இரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியதை எந்த வார இறுதியில் சொல்லிக் கொடுப்பார்களோ!

தேசியக் கல்விக் கொள்கையைத் தமிழக அரசு ஏற்கவில்லை. பாதியில் வெளியேறும் வாசலைத் திறந்து வைத்தால் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான் முதலில் அதன் வழியாக வெளியே போவார்கள் என்பது அந்த எதிர்ப்பின் வாதங்களில் ஒன்று. மற்ற வாதங்கள் எப்படியோ, இதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு வருடக் கட்டணம் கட்டி, அப்பாவுக்குக் கான்ட்ராக்ட் முடிந்து, பிள்ளை படிப்பை நிறுத்தினால் அதற்கு நாம் இதுவரை வைத்திருந்த பெயர் இடைநிற்றல். கையில் ஒரு தாளைக் கொடுத்ததும் நடந்தது மாறிவிடாது.

சரி, வேலைக்கு வருவோம். மயிலாப்பூரில் இருக்கிற தமிழ்நாடு தடய அறிவியல் துறையில் இளநிலை அறிவியல் அலுவலராகச் சேர டி.என்.பி.எஸ்.சி. கேட்பது முதுநிலை அறிவியல் பட்டம். மத்தியத் தடய அறிவியல் ஆய்வகங்களின் அறிவியல் அலுவலர் பதவிகளுக்கு அதற்கு மேல் ஆய்வக அனுபவமும் கேட்கிறார்கள். பிரேதப் பரிசோதனை மேசையருகே கத்தி பிடிப்பவர் எம்.பி.பி.எஸ். படித்த டாக்டர். கைரேகைப் பிரிவு காவல்துறையின் தனி அமைப்பு. சினிமாவில் மட்டும் ஒரே ஆள் சடலத்தை அறுக்கிறார், துப்பாக்கிக் குண்டைப் பார்க்கிறார், செல்போனைத் திறக்கிறார், கடைசியில் குற்றவாளியைத் துரத்தவும் செய்கிறார். நிஜத்தில் நஞ்சு, ஊநீர், டி.என்.ஏ., வெடிபொருள், துப்பாக்கி, ஆவணம், மதுவிலக்கு, கணினி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிரிவு. ஒன்றில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் அதிலேயே தேர்ந்து தலை நரைக்கிறார்.

‘புதுச் சட்டம் வந்திருக்கே சார், இனிமே ஆயிரக்கணக்குல ஆள் எடுப்பாங்க’ என்பது இப்போது அடிக்கடி காதில் விழும் வாதம். பாதி உண்மை என்பதால் இதைக் கவனமாகப் பிரிக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 176(3) பிரிவு, ஏழு வருடமும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆக வேண்டும், தடயம் எடுப்பதை வீடியோ பிடிக்க வேண்டும் என்கிறது. எந்தத் தேதியிலிருந்து என்பதை ஐந்து வருடத்துக்குள் மாநில அரசு அறிவிக்கலாம் என்று அவகாசமும் தருகிறது. ஆள் தேவை கூடும், மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆளை எடுப்பது அரசின் பணி நியமன விதிகளின்படி. அந்த விதி சான்றிதழுக்காக இறங்கி வரும் என்று எந்தப் பிரிவிலும் எழுதியிருக்கவில்லை.

சாட்சிக் கூண்டில் நிலைமை இன்னும் கடினம். பாரதிய சாக்‌ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒரு துறையில் தனித்தேர்ச்சி பெற்றவரின் கருத்தை நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது. இன்ன பட்டம் வேண்டும் என்று அது சொல்லவில்லை. ‘பார்த்தீங்களா, பட்டமே வேண்டாம்’ என்று சிலர் துள்ளுகிறார்கள். பட்டம் கேட்காத இடத்தில் சான்றிதழுக்கு மட்டும் என்ன மரியாதை? எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து எந்த ஆய்வகத்தில் வேலை பார்த்தீர்கள், இதுவரை இந்த மாதிரி எத்தனை மாதிரிகளைச் சோதித்திருக்கிறீர்கள், இந்த முறையில் தவறு எங்கே நேரும் என்று கேட்பார். மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேதியியல் தெரிய வேண்டும். அரசு ஆய்வகத்தின் இயக்குநர், துணை இயக்குநர், உதவி இயக்குநர் போன்றோர் தரும் அறிக்கையைச் சாட்சியமாகப் பயன்படுத்த நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் 329ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்தப் பட்டியலில் சான்றிதழ்க்காரருக்கு இடமில்லை.

நிபுணத்துவம் என்றால் என்னவென்று தெரிய 2025ஆம் ஆண்டின் இரண்டு தீர்ப்புகளைப் பார்க்கலாம். 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் ஒரு காதல் ஜோடி கொல்லப்பட்ட வழக்கில் மரண தண்டனை பெற்றவரை உச்ச நீதிமன்றம் ஜூலை மாதம் விடுவித்தது. டி.என்.ஏ. மாதிரிகள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போயின, எங்கே எத்தனை நாள் இருந்தன என்பதற்குச் சரியான பதிவு இல்லை. இனி எடுத்த மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகத்துக்குப் போக வேண்டும், கைமாறும் ஒவ்வொரு தடவையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நாடு முழுவதற்குமாக உத்தரவிட்டது. அடுத்தது நமக்குப் பக்கத்திலேயே, முகலிவாக்கத்தில். 2017 பிப்ரவரியில் ஏழு வயதுக் குழந்தை கொல்லப்பட்டது. செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மறு வருடமே மரண தண்டனை தந்தது. உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், அரசுத் தரப்பு குற்றத்தை நிரூபிக்கத் தவறிவிட்டது என்று குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. முக்கியமான சி.சி.டி.வி. பதிவுகூட முறையாக நீதிமன்றத்தின் முன் வரவில்லை. அன்று இந்தப் பகுதியே கொதித்தது. கொதித்தவர்களில் எத்தனை பேர் பதிவேட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் பற்றிப் பேசினோம்?

ஒரகடத்துத் தொழிலாளிக்கு இதைப் பாடம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பேட்ச் நம்பர் டேக் கழன்றுவிட்ட உதிரிபாகம் எவ்வளவு நல்ல பாகமாக இருந்தாலும் ரிஜெக்ட் பெட்டிக்குத்தான் போகும். தடயமும் அதே கணக்குதான். அந்த ஒழுங்கு ஆண்டுக்கணக்கில் ஒரு ஆய்வகத்தில், மூத்தவர் ஒருவரின் கண்பார்வையில் கையில் படிகிறது.

இந்த ஒழுங்கைப் பற்றி நம்மூர்க்காரர் ஒருவர் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். பெரியபுராணத்தில் சுந்தரரின் கல்யாணத்தைத் தடுத்து, ‘நீ எனக்கு அடிமை, இதோ ஓலை’ என்று வழக்காடும் கிழவர் கதையைப் பக்தியோடு கேட்டிருப்போம். கொஞ்சம் ஆவணப் பிரிவு அதிகாரியின் கண்ணோடும் படித்துப் பாருங்கள். சுந்தரர் கிழித்துப்போட்டது படி ஓலை. திருவெண்ணெய்நல்லூர்ச் சபையில் கிழவர் மூல ஓலையை எடுத்து நீட்டுகிறார். சபை அதையும் உடனே நம்பிவிடவில்லை. சாட்சிகளின் கையெழுத்தைச் சரிபார்க்கிறது. பிறகு சுந்தரருடைய பாட்டனார் எழுதிய வேறொரு ஓலையைப் பாதுகாப்பிலிருந்து வரவழைத்து, இரண்டு எழுத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. சந்தேக ஆவணம், ஒப்பீட்டு மாதிரி, அந்த மாதிரி பத்திரமாக இருந்த இடம், மூன்றும் பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிக்குத் தெரிந்திருக்கின்றன.

தடய அறிவியல் என்பது தனியாக ஒரு ரகசிய வித்தை என்ற எண்ணம்தான் இந்த நம்பிக்கைக்கெல்லாம் வேர். சென்னையில் 1849இல் தொடங்கிய ஆய்வகத்தின் பெயரே வேதியியல் பரிசோதகர் ஆய்வகம். விஷச் சாவுகளைச் சோதிக்க ஏற்பட்டது. இன்றைய துறை அதிலிருந்து வளர்ந்ததுதான். 1991 மே 21 இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டபோது, சிதறிக் கிடந்த கிழிந்த துணி, ஒயர், பேட்டரித் துண்டுகளிலிருந்து இது உடலில் கட்டிக்கொண்டு வந்த குண்டு என்று நிறுவியவர் அந்தத் துறையின் இயக்குநராக இருந்த பி. சந்திரசேகரன். அதே வழக்கில் டி.என்.ஏ. சோதனை செய்த லால்ஜி சிங் விலங்கியல் படித்தவர். காசியில் பாம்புகளின் பாலினக் குரோமோசோம்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். கட்டுவிரியனின் டி.என்.ஏ.வில் கண்ட ஒரு பகுதியைக் கொண்டுதான் இந்தியாவுக்கென்று ஒரு டி.என்.ஏ. ரேகை முறையை அவர் உருவாக்கினார். பாம்பைப் படித்தவர் கொலை வழக்குக்கு வந்து சேர்ந்தார். கொலையிலிருந்து தொடங்கினால் பாம்புவரை போயிருக்க முடியாது.

2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டம் சித்தாமூர் பக்கத்திலும் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் குடித்துச் செத்தார்களே, அது கள்ளச்சாராயம் அல்ல, தொழிற்சாலைகளில் புழங்கும் மெத்தனால் என்று தடய ஆய்வு சொன்னது. எத்தனாலுக்கும் மெத்தனாலுக்கும் ஒரு கார்பன்தான் வித்தியாசம். மெத்தனால் உடம்புக்குள் போய்ப் பார்மிக் அமிலமாகிக் கண்ணைப் பறிக்கிறது. வாயு வண்ணப்பிரிகைக் கருவி இரண்டையும் நேரக் கணக்கில் பிரித்துக் கோடாக வரைந்து காட்டும். அந்தக் கோட்டை வாசிக்கத் தெரிந்தவர் வேதியியல்காரர்.

‘எல்லாரும் எம்.எஸ்ஸி. வரை படிக்க முடியுமா, ஒரு தொடக்கமாவது ஆகட்டுமே’ என்பவர்களுக்கு ஒரு பதில் இருக்கிறது. ஏற்கெனவே ஒரு தொழிலில் காலூன்றியவருக்கு இந்தக் குறும்படிப்பு நல்லது. முதலில் சம்பவ இடத்துக்குப் போய் நிற்கும் ஏட்டையா, விபத்து வார்டில் வேலை செய்யும் நர்ஸ், கிரிமினல் வழக்கு நடத்தும் ஜூனியர் வக்கீல், இவர்கள் படித்தால் நாளைக்கு ஒரு வழக்கு பிழைக்கும். பட்டத்தை முடித்தே தீருவேன் என்று முதல் வருடத்தில் நிற்கும் மாணவிக்கும் அது கெடுதல் இல்லை. வேறு எதுவும் கையில் இல்லாத பதினெட்டு வயதுப் பிள்ளையிடம் அதையே முழுப் படிப்பு என்று கொடுப்பதுதான் அநியாயம்.

அந்தப் பிள்ளைக்கு நம்ம பகுதியிலேயே வேறு வழி இருக்கிறது. அரசுக் கல்லூரியில் பி.எஸ்ஸி. வேதியியலோ இயற்பியலோ உயிரியலோ படிக்கட்டும். கட்டணம் இந்தச் சான்றிதழ் வகுப்பில் கேட்பதைவிடக் குறைவாகவே இருக்கும். பிறகு ஆசை மிச்சமிருந்தால் முதுநிலையில் தடய அறிவியலுக்குப் போகட்டும். நடுவில் வேலைக்குப் போக நேர்ந்தாலும், இந்தத் தொழிற்சாலை வட்டாரத்தின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகங்களில் இருக்கிற ஸ்பெக்ட்ரோமீட்டரும் பெயின்ட், பிளாஸ்டிக், ரப்பரைச் சோதிக்கும் அகச்சிவப்புக் கருவியும் தடய ஆய்வகத்தில் இருக்கிற வகைதான். கார் மோதி ஓடிவிட்ட வழக்கில் பெயின்ட் துகளைச் சோதிப்பதும், கார் கம்பெனியில் பெயின்ட் தரத்தைச் சோதிப்பதும் அடிப்படையில் ஒரே வேலை. வேதியியல் பட்டதாரியை அந்த ஆய்வகம் உள்ளே விடும். ஒரு வருடச் சான்றிதழை மட்டும் நீட்டுகிறவரின் விண்ணப்பத்தில் எச்.ஆர். அதிகாரி அதைத் தள்ளி வைத்துவிட்டு, கல்வித் தகுதிக் கட்டத்தில் பிளஸ் டூ என்று நிரப்பி அசெம்பிளி லைனுக்கு அனுப்புவார், அப்பா நின்ற அதே லைனுக்கு, அதுவும் ட்ரெய்னியாக.