நீலக் குதிரைகளின் நண்பன்

முனிச்சில் பிறந்த ஓவியர் ஃபிரான்ஸ் மார்க்குக்கு மனிதர்களைவிட மிருகங்களோடுதான் ஒட்டுதல். அவர் கேன்வாஸில் குதிரைகள் நீலமாக நின்றன. மனிதர்களில் விதிவிலக்கு, 1910ல் அறிமுகமான சக ஓவியர் ஆகஸ்ட் மாக்கே. 1912ல் பான் நகரில் மாக்கேயின் ஸ்டூடியோ சுவரில் இருவரும் சேர்ந்து சொர்க்கத்தையே வரைந்தார்கள்.

1914 செப்டம்பர் 26. பிரெஞ்சுப் போர்முனையில் மாக்கே பலி. வயது 27. அதே யுத்தத்தில் பீரங்கிப் படையில் இருந்த மார்க், ஜெர்மன் ஓவியத்தின் வண்ணமே இனி மங்கிவிடும் என்று அஞ்சலியில் வருந்தினார். துக்கத்தோடு அவர் திரும்பியது பழைய சினேகிதர்களிடம். பீரங்கி வண்டிகளை இழுக்கும் குதிரைகளுக்கு நடுவேதான் வாழ்க்கை. 1915ல் ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் 36 படங்கள் போட்டார்: மிருகங்கள், செடிகொடிகள், பெயரில்லாத வடிவங்கள். எல்லாம் வெறும் பென்சிலில்.

ஆறுதல் முழுசாகக் கிடைத்ததா? சந்தேகம்தான். மனிதர்களிடம் எப்போதோ கண்ட அசிங்கத்தை இப்போது மிருகங்களிடமும் காண்பதாக அதே வருடம் மனைவி மரியாவுக்கு எழுதுகிறார். குதிரைகளை அவ்வளவு நேசித்தவரின் பேனாவிலிருந்து இது!

1916 மார்ச் 4 அன்று வெர்டன் அருகே வேவு பார்க்கப் போனார், குதிரை மேல்தான். குண்டுச் சிதறல் பாய்ந்தது. வயது 36. அவர் 1913ல் தீட்டிய 'நீலக் குதிரைகளின் கோபுரம்' 1945லிருந்து காணவில்லை.