மண்டை ஓட்டைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

நவம்பர் பிறந்தால் மண்டை ஓடு வேடம் போட்ட படங்கள் போனில் வந்து குவிகின்றன. "செத்தவங்களை வச்சு என்ன கூத்து சார் இது?" என்று ஒரு மாணவர் கேட்டிருந்தார். பலர் இதை ஹாலோவீன் என்றே நினைக்கிறார்கள். இது வேறு.

மெக்சிகோவில் நவம்பர் 1, 2 இரண்டும் இறந்தோர் திருநாள். முதல் நாள் இறந்துபோன குழந்தைகளுக்கு, மறுநாள் பெரியவர்களுக்கு. பழங்குடி மக்களின் வழக்கமும் ஸ்பானியர் கொண்டுவந்த கத்தோலிக்கத் திருநாளும் கலந்து உருவானது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதும் அதே நவம்பர் 2 அன்றுதான்.

வீட்டில் படையல் மேடை வைப்பார்கள். இறந்தவரின் படம், மெழுகுவத்தி, உப்பு, அவருக்குப் பிடித்த பலகாரம், தூர வழி வந்தவரின் தாகம் தீர ஒரு தம்ளர் தண்ணீர். நம் சாம்பிராணிபோல் கோபால் என்ற பிசினைப் புகைப்பார்கள். மேடை நிறைய ஆரஞ்சு நிறப் பூ. அது வேறெதுவும் இல்லை, நம் செண்டுமல்லிதான்! அதன் பூர்வீகமே மெக்சிகோ. இதில் கேலி எங்கே இருக்கிறது?

மண்டை ஓட்டுக்கும் அர்த்தம் உண்டு. தொப்பி போட்ட எலும்புக்கூட்டுச் சீமாட்டியை வரைந்தவர் பொசாதா என்ற ஓவியர். 1913-ல் காலமானார். எத்தனை பகட்டாக உடுத்தினாலும் உள்ளே எல்லோருக்கும் எலும்புதான் என்பதே அதன் செய்தி. நம் சித்தர்கள் சொல்லாததா?

ஆனால் இதில் வியாபாரமும் புகுந்துவிட்டது. மெக்சிகோ நகரத்தின் பெரிய ஊர்வலம் பழைய மரபே அல்ல. 2015-ல் வந்த 'ஸ்பெக்டர்' என்ற ஜேம்ஸ் பாண்ட் படத்துக்காகக் கற்பனையாக எடுத்த காட்சியைப் பார்த்து, 2016-ல் நிஜமாகவே தொடங்கியது. 2013-ல் டிஸ்னி நிறுவனம் திருநாளின் பெயரையே தன் வணிக முத்திரையாகப் பதிய முயன்று, எதிர்ப்பு கிளம்பியதும் பின்வாங்கியது.

அதனால் ஊர் கூடிக் கொண்டாடுவதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். 1970-களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலஸிலும் சான் பிரான்சிஸ்கோவிலும் மெக்சிகோ வம்சாவளியினர் தங்கள் வேரை மறக்காமலிருக்கப் பொது இடங்களில் இந்தத் திருநாளைக் கொண்டாடத் தொடங்கினார்கள். பிறந்த மண்ணை விட்டுப் போனவர்களுக்கு, முன்னோரை நினைக்க நாலு பேர் கூடும் இடம் வேண்டாமா?

இதை நான் எழுதக் காரணமும் உண்டு. லாஸ் ஏஞ்சலஸில் இருக்கும் என் மகளை, அவள் பகுதியில் வைக்கும் பொதுப் படையலுக்கு அக்கம்பக்கத்தார் அழைத்திருக்கிறார்கள். அவள் அம்மாவின் படத்தை வைக்கட்டுமா என்று கேட்டாள். குடும்பக் குழுவில், "அத்தை படத்தை மண்டை ஓட்டுக்கு நடுவிலா?" என்று சிலருக்கு வருத்தம். அந்த வருத்தத்தில் இருக்கும் பாசம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் வைக்கச் சொல்லிவிட்டேன். கணக்குக் கேட்க வீட்டுக்கு வந்த உங்களுக்கெல்லாம் சுண்டல் கொடுத்தவளைப் பற்றி, பேரப்பிள்ளை அங்கே நாலு பேரிடம் சொல்வான். திதியை நான் இங்கே வழக்கம்போல் கொடுப்பேன். ஒன்று இன்னொன்றுக்குப் பகை அல்ல.

என் அளவுகோல் ஒன்றுதான். இறந்தவரின் பெயரைச் சொல்லி, அவர் வாழ்ந்த கதையைப் பிள்ளைகளிடம் பேசினால் அது திருநாள். பேசாமல் முகத்தில் சாயம் மட்டும் பூசிக்கொண்டால் அது மாறுவேடப் போட்டி.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளே, உங்களை யாராவது அழைத்தால் தயங்காமல் போங்கள். வேடம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தாத்தா பாட்டி படம் ஒன்றைக் கையில் எடுத்துப் போங்கள். உள்ளூரில் இருப்பவர்கள் அடுத்த அமாவாசைப் படையலின்போது, காக்கைக்குச் சோறு வைத்த கையோடு பிள்ளைகளை உட்காரவைத்து, கொள்ளுத் தாத்தாவின் பெயரையாவது சொல்லிக்கொடுங்கள். எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும் என்று கீழே எழுதுங்கள், பார்க்கலாம்.