சாவுக்குச் சந்தா உண்டு, சாகுமுன்?

தமிழன் சாவைப் பற்றிப் பேச அஞ்சுகிறான், மூடநம்பிக்கையே அதற்குக் காரணம் என்று மேடைதோறும் முழங்குவோர் உளர். பண்டமாரான் போன்ற ஊர்களின் முதியோரைக் கண்டு பேசினால் அக்கூற்றின் பொய்ம்மை விளங்கும். தோட்டத்தில் வாழ்ந்த காலத்திலேயே மரண சகாய நிதிக்கு மாதந்தோறும் சந்தா கட்டியவன் நம் தொழிலாளி. பாடைக்கும் பறைக்கும் முன்கூட்டியே பணம் சேர்த்தவன் சாவை எண்ணாதவனா? எண்ணினான். ஆனால், சாவுக்குப் பிந்திய பதினாறு நாளுக்கே அவனால் திட்டமிட முடிந்தது. சாவுக்கு முந்திய சில மாதங்களுக்குத் திட்டமிட அவன் ஊதியம் இடந்தரவில்லை.

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போயின் கூரையும் போயிற்று. தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாய் மாறியபின் கிள்ளானுக்கும் துறைமுகத்திற்கும் பிழைப்புத் தேடி வந்தோர் பலர். 1951இல் தோன்றிய ஊழியர் சேமநிதி 55 வயதில் கைக்கு வரும். மகள் திருமணத்திலும் வீட்டு முன்பணத்திலும் கரையும். நாட்கூலியில் உழன்ற பலர்க்கு அதுவும் இல்லை. பின்னர் புற்றுநோய் வந்து படுத்தால் சுமை யார் தலையில்? வேலையை விட்டுப் படுக்கையருகே அமரும் மகளின் தலையில், மருமகளின் தலையில். அவள் இழக்கும் கூலியை எவரும் கணக்கில் எழுதுவதில்லை. ‘கடமை’ என்று போற்றிவிட்டு நகர்ந்துவிடுகிறோம்!

வலிதணிப்புப் பராமரிப்பு செல்வர்க்கே உரியதன்று. 1991இல் கோலாலம்பூரில் தோன்றிய ஹோஸ்பிஸ் மலேசியா, நோயாளியின் இல்லம் தேடிச் சென்று கட்டணமின்றிப் பேணுகிறது. அரசும் 2019 முதல் 2030 வரைக்குமான தேசியக் கொள்கையை வகுத்துள்ளது. இச்செய்திகள் நம் முதியோர் செவிக்கு எட்டவில்லையெனில், அக்குற்றம் படித்தவர்களாகிய நம்முடையதன்றோ?

உயிலும் அவ்வாறே. உயிலின்றி ஒருவர் இறந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, பெற்றோர் இல்லாதவிடத்து மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கும் மக்களுக்கு எஞ்சிய இரு பங்கும் சேரும். வீடு முழுதும் தனக்கே என நம்பியிருந்த கைம்பெண், அன்றுதான் சட்டத்தை அறிந்து திகைக்கிறாள்.

ஆசிரியப் பெருமக்களே, மாணவ நண்பர்களே! ஏழையின் அறியாமையை ஏசுவதை நிறுத்துவோம். சேமநிதியில் வாரிசின் பெயர் குறித்தாயிற்றா என்று நம் வீட்டுப் பெரியவரிடம் இன்றே கேட்போம். படிவத்தை நாமே நிரப்பித் தருவோம். இறுதி நாள்களை எங்கே, எப்படிக் கழிக்க விரும்புகிறார் என்பதையும் அவர் வாயாலேயே கேட்டறிவோம். அன்று சவ ஊர்வலத்திற்குச் சந்தா திரட்டிய சமுதாயம், வலியின்றி உயிர் பிரியவும் ஒரு நிதி திரட்டாதா? திரட்டியே ஆகவேண்டும்.