ஆபத்தான வினைகளுக்கு இனி பெரிய ரியாக்டர் வேண்டாம்

2024 மே 23 அன்று மும்பையை அடுத்த டோம்பிவிலியில், பெராக்சைடு வகை வேதிப்பொருள் தயாரித்துவந்த ஆலையில் ரியாக்டர் வெடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஆகஸ்ட் 21 அன்று ஆந்திரத்தின் அச்சுதபுரம் சிறப்புப் பொருளாதார மண்டலத்தில், மருந்து மூலப்பொருள் ஆலை ஒன்றில் கரைப்பான் கசிந்து, அதன் ஆவி தீப்பற்றியதில் 17 பேர் மாண்டனர். இப்படி ஒவ்வொரு முறையும் இழப்பீடு அறிவிக்கிறார்கள். விசாரணைக் குழு அமைக்கிறார்கள். வால்வு பழுது, மேற்பார்வைக் குறைவு, பயிற்சியின்மை என்று அறிக்கை வருகிறது. இவையெல்லாம் களையப்பட வேண்டிய குறைகளே. ஆனால், இவற்றைப் பேரழிவாக மாற்றுவது ஆயிரக்கணக்கான லிட்டர் எரியக்கூடிய கரைப்பானையும் வினைபொருளையும் ஒரே இடத்தில் குவித்துவைத்து வேலை செய்யும் முறை. அந்த முறையை மாற்றுவதற்கான தொழில்நுட்பம் வந்துவிட்டது. மருந்து மூலப்பொருள் உற்பத்திக்கு அரசு வழங்கும் ஊக்கத்தொகையை அந்த மாற்றத்தோடு பிணைக்க வேண்டும்.

ஆலைக்குள் நடப்பதைக் கொஞ்சம் அருகில் சென்று பார்ப்போம். பல மருந்துகளின் தயாரிப்பில் நைட்ரோ ஏற்றம் ஒரு படி. கண்ணாடிப் பூச்சிட்ட, சில ஆயிரம் லிட்டர் கொள்ளளவுள்ள ரியாக்டரில் மூலப்பொருளை நிரப்பி, வெளிச்சுவரைச் சுற்றிக் குளிர்ந்த உப்புநீரை ஓடவிட்டு, நைட்ரிக் அமிலக் கலவையை மணிக்கணக்கில் சிறுகச் சிறுக விடுகிறார்கள். வெப்பமானியை விட்டுக் கண்ணெடுக்காமல் ஆபரேட்டர் நிற்க வேண்டும். நடுவில் கலக்கி நின்றுபோனால் அமிலம் வினைபுரியாமல் தங்கிவிடும். அதைக் கவனிக்காமல் கலக்கியை மீண்டும் ஓட்டினால், தங்கிய அமிலம் முழுவதும் ஒரே நேரத்தில் வினைபுரியும். அப்போது கிளம்பும் வெப்பத்தைச் சுவர் வழியே வெளியேற்ற முடியாது. வெப்பம் ஏற ஏற வினையின் வேகமும் ஏறும். சில நிமிடங்களில் எல்லாம் கைமீறிவிடும்.

இதற்குக் காரணம் எளிய கணக்கு. கலன் பெரிதாகும்போது கொள்ளளவு பெருகும் வேகத்துக்குச் சுவரின் பரப்பு பெருகுவதில்லை. ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குடுவையில் செய்த வினையை அதே வடிவமுள்ள 5,000 லிட்டர் கலனுக்குக் கொண்டுபோனால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் குளிரூட்டும் பரப்பு ஏறத்தாழ 17 மடங்கு குறைந்துவிடும். அண்டாவில் வடித்த சோறு நெடுநேரம் ஆறாமல் இருப்பதும், தட்டில் பரப்பிய சோறு சட்டென்று ஆறிவிடுவதும் இதனால்தான். தொடர் பாய்வு முறை இந்தக் கணக்கைத் தலைகீழாக்குகிறது. ஒரு மில்லிமீட்டர் அளவே விட்டமுள்ள குழாய்களில் இரு திரவங்களையும் பம்பு மூலம் செலுத்தி, ஓட்டத்திலேயே கலக்கவிடுகிறார்கள். அங்கே ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் பரப்பு, பெரிய ரியாக்டரில் கிடைப்பதைப் போல ஆயிரம் மடங்குக்கும் அதிகம். எந்த நொடியிலும் குழாய்க்குள் இருக்கும் வினைபொருள் மிகக் கொஞ்சம். தவறு நடந்தாலும் பம்பை நிறுத்திவிடலாம். சேதம் அந்தக் குழாயோடு நிற்கும்.

அபாயப் பொருளைக் குவித்துவைக்கக் கூடாது என்ற பாடத்தை உலகுக்குக் கற்றுத்தந்ததே போபால்தான். 1984 டிசம்பரில் அங்கே நகரத்தைச் சாகடித்த மீத்தைல் ஐசோசயனேட், விற்பனைக்கான பொருள் அல்ல. பூச்சிக்கொல்லி தயாரிப்பின் இடைநிலைப் பொருள். ஒரு தொட்டியில் சுமார் 40 டன் சேமித்து வைக்கப்பட்டிருந்தது. பின்னர் டூபாண்ட் நிறுவனம் அமெரிக்காவில் அதே பொருளைச் சேமிக்காமல், உருவான இடத்திலேயே உடனுக்குடன் செலவழித்துவிடும் முறைக்கு மாறியது. இல்லாத பொருள் கசியாது என்று பிரிட்டிஷ் பாதுகாப்பு நிபுணர் டிரெவர் கிளெட்ஸ் போபாலுக்கு முன்பே வலியுறுத்திவந்தார். அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த நாடு, அந்தக் கொள்கையை முதலில் சட்டமாக்கியிருக்க வேண்டும்.

மருந்துத் துறையில் தொடர் பாய்வு முறை பரிசோதனைக் கட்டத்தைத் தாண்டிவிட்டது. எலி லில்லி நிறுவனம் அயர்லாந்தின் கின்சேலில், புற்றுநோய்க்கான சோதனை மருந்து ஒன்றை மருத்துவ ஆய்வுக்கு ஏற்ற தரத்தில், தொடர் முறையில் நாளொன்றுக்குச் சுமார் 3 கிலோ வீதம் 24 கிலோ தயாரித்ததை 2017-இல் வெளியிட்டது. பெரும்பாலான வேலை, ஆய்வகப் புகைக்கூண்டுகளுக்குள்ளேயே முடிந்தது. மருந்துகளுக்கான தொழில்நுட்பத் தேவைகளின் சர்வதேச ஒத்திசைவு அமைப்பு 2022 நவம்பரில் தொடர் உற்பத்திக்கென்றே கியூ13 என்ற வழிகாட்டுதலை ஏற்றுக்கொண்டது.

இன்னொரு பாதை, நொதிகளுடையது. நம் ஊரில் ஏராளமான சர்க்கரை நோயாளிகள் சாப்பிடும் சிடாகிளிப்டினை எடுத்துக்கொள்வோம். முன்பு அதைத் தயாரிக்க உயர் அழுத்த ஹைட்ரஜனும் ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகமும் தேவைப்பட்டன. மெர்க், கோடெக்சிஸ் நிறுவனங்களின் விஞ்ஞானிகள் ஒரு நொதியைப் படிப்படியாக மாற்றியமைத்து, அந்த ஹைட்ரஜனேற்றப் படியையே நீக்கினார்கள். ரோடியம் போனது, உயர் அழுத்தக் கலன் போனது, மொத்தக் கழிவு 19 சதவீதம் குறைந்தது. கழிவு என்பது நமக்குச் சிறிய விஷயமல்ல. ஒரு கிலோ மருந்துக்கு 25 முதல் 100 கிலோவுக்கு மேலும் கழிவு உண்டாவதாக வேதியியலாளர் ரோஜர் ஷெல்டன் 1992-இல் கணக்கிட்டார். அதில் பெரும்பங்கு கரைப்பான்கள். ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில், பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில் லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்சசின் இருந்ததை 2007-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். மருந்து சாப்பிடும் நோயாளியின் ரத்தத்தில் இருப்பதைவிடவும் அது அதிகம்.

இங்கே அரசின் பணம் எங்கே போகிறது என்று கேட்க வேண்டியிருக்கிறது. நாம் இறக்குமதி செய்யும் மருந்து மூலப்பொருள்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. அந்தச் சார்பைக் குறைக்க, மத்திய அரசு 2020-இல் உற்பத்தி சார்ந்த ஊக்கத்தொகையாக ரூ.6,940 கோடியும், மூன்று மருந்துப் பூங்காக்களுக்கு ரூ.3,000 கோடியும் ஒதுக்கியது. நோக்கத்தில் குறையில்லை. ஆனால், ஊக்கத்தொகை கிடைப்பது உற்பத்தித் திறன், விற்பனை, உள்நாட்டு மதிப்புக்கூட்டல் ஆகியவற்றின் அடிப்படையில். பெரிய ரியாக்டரிலா, தொடர் முறையிலா தயாரிக்கிறீர்கள் என்பது அந்தக் கணக்கில் முக்கிய இடம் பெறவில்லை. சீனாவைவிடப் பெரிய ரியாக்டர்களைக் கட்டி, சீனாவைவிட மலிவாக விற்பது நடக்கிற காரியமல்ல. அவர்களும் அதே முறையில் பல ஆண்டு முன்னே நிற்கிறார்கள்.

எல்லா வினைக்கும் குழாய் பொருந்தாது என்று ஆலை நடத்துபவர்கள் சொல்கிறார்கள். அது சரி. திண்மப் பொருள் படியும் வினைகளில் குழாய் அடைத்துக்கொள்ளும். ஒரே ரியாக்டரில் ஆண்டுக்குப் பல மருந்துகளைத் தயாரிக்கும் சிறிய ஆலைக்கு, ஒவ்வொன்றுக்கும் தனிக் குழாய் அமைப்பு கட்டுப்படியாகாது. அதனால்தான், எல்லாவற்றையும் மாற்றச் சொல்லவில்லை. நைட்ரோ ஏற்றம், அசைடு வினைகள், டையசோ வினைகள், ஓசோன் வினைகள், உயர் அழுத்த ஹைட்ரஜனேற்றம் ஆகிய அபாய வினைகள், இந்தத் தொழில்நுட்பம் மிக நன்றாக வேலை செய்யும் இடங்கள். மற்ற படிகள் பழைய ரியாக்டரிலேயே நடக்கட்டும்.

வேலை பறிபோகும் என்ற அச்சத்தையும் தட்டிக்கழிக்கக் கூடாது. ரியாக்டரின் மேல்வாயில் நின்று பொடியைக் கொட்டுபவர்களில் பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களை வெளியேற்றிவிட்டுக் கருவியை மட்டும் கொண்டுவருவது மாற்றமல்ல. பம்பையும் உணரியையும் கையாள அவர்களுக்கே பயிற்சி தருவதும் மானியத்தின் நிபந்தனையாக வேண்டும்.

நான்கு நடவடிக்கைகளை உடனே தொடங்கலாம். முதலாவது, மேலே சொன்ன அபாய வினைகளுக்காகப் புதிதாக அமையும் ஆலைகளில், தொடர் முறை ஏன் சாத்தியமில்லை என்று நிரூபித்தால் மட்டுமே பெரிய ரியாக்டருக்கு ஊக்கத்தொகை தர வேண்டும். இரண்டாவது, அத்தகைய ஒவ்வொரு வினையும் எவ்வளவு வெப்பம் வெளியிடும் என்ற அளவீட்டைத் தொழிலகப் பாதுகாப்புத் துறையிடம் ஒப்படைத்த பிறகே உரிமம் வழங்க வேண்டும். மூன்றாவது, சிறு ஆலைகள் கட்டணம் செலுத்தித் தங்கள் வினையைச் சோதித்துப் பார்க்க, மூன்று பூங்காக்களிலும் பொது மாதிரி ஆலை வேண்டும். புனேயின் தேசிய வேதியியல் ஆய்வகம் போன்றவற்றில் இதற்கான அறிவு ஏற்கெனவே இருக்கிறது. நான்காவது, தொடர் முறைக்கு மாறும் உற்பத்தியாளருக்கான ஒப்புதல் நடைமுறை தெளிவாகவும் காலவரையறையோடும் இருக்க வேண்டும். கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை போலக் கிராமங்களை ஒட்டியே வேதி ஆலைகள் நிற்கும் தமிழ்நாட்டில், மத்திய அரசுக்காகக் காத்திராமல் மாநில அரசே முதல் இரண்டையும் தன் தொழில் ஊக்கச் சலுகைகளில் சேர்க்கலாம்.

சட்டம் நினைத்தால் வேதியியலின் திசையையே மாற்ற முடியும் என்பதற்கு நம் நாடே சான்று. மருந்துக்கு அல்லாமல் தயாரிப்பு முறைக்கு மட்டும் காப்புரிமை என்று 1970 சட்டம் வகுத்ததால்தான், நம் வேதியியலாளர்கள் புதுப்புது வழிகளைத் தேடினார்கள். ஹைதராபாத்தில் ஏ.வி.ராமராவ் தலைமையில் எய்ட்ஸ் மருந்து ஏஇசட்டி-க்கு வழி கண்டதும், 2001-இல் சிப்லா மூன்று மருந்துக் கூட்டை ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்ததும் அந்தத் தேடலின் பலன்கள். அன்று சட்டம் கேட்டது மலிவான மருந்தை. துறை அதைக் கொடுத்தது. இன்று அந்த மருந்தைத் தயாரிப்பவர்கள் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என்பதையும் சட்டம் கேட்க வேண்டும். கேட்டால், இந்தத் துறையால் அதையும் கொடுக்க முடியும்.