அமெரிக்க முன்னணி பல்கலைக்கழகங்கள்: நிதியுதவி கேட்பது சேர்க்கையைப் பாதிக்குமா?

அமெரிக்காவின் முன்னணி பல்கலைக்கழகங்களில் இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் இந்திய மாணவர்கள், எஸ்ஏடி மதிப்பெண், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகியவற்றுக்காகப் பல மாதங்களைச் செலவிடுகின்றனர். ஆனால், ஒரே சொல்லில் பதிலளிக்க வேண்டிய ஒரு கேள்வி அவை அனைத்தையும்விட முடிவைப் பாதிக்கக்கூடும். நிதியுதவி கோருகிறீர்களா என்பதே அக்கேள்வி.

அமெரிக்க மாணவர்களைப் பொருத்தவரை, இத்தகைய கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை குடும்ப வருமானத்தைப் பார்க்காமலேயே சேர்க்கையை முடிவு செய்கின்றன. வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதே முறையைப் பின்பற்றுபவை விரல்விட்டு எண்ணக்கூடியவையே. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, ஆம்ஹர்ஸ்ட் ஆகியவை முன்பிருந்தே இப்பட்டியலில் உள்ளன. 2022-இல் டார்ட்மத், போடின் கல்லூரிகளும், 2025 சேர்க்கையிலிருந்து பிரவுன் பல்கலைக்கழகமும் இணைந்தன.

ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா, கார்னெல், பென்சில்வேனியா போன்றவற்றில் நிலைமை வேறு. அங்கு வெளிநாட்டு மாணவர் உதவி கோரினால், அதுவும் தேர்வின்போது கணக்கில் கொள்ளப்படுகிறது. 'இப்போதைக்கு வேண்டாம் என்று குறிப்பிட்டுவிட்டு, சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம்' என்று சில குடும்பங்கள் கருதுகின்றன. இது ஆபத்தான கணக்கு. விண்ணப்பிக்கும்போது உதவி கோராத வெளிநாட்டு மாணவர், நான்கு ஆண்டுகளிலும் அதைப் பெற முடியாது என்பது ஸ்டான்ஃபோர்டின் விதி. கட்டுரையைத் திருத்துவதில் காட்டும் அக்கறையை, நம் நகரங்களின் ஆலோசனை மையங்கள் இந்த வேறுபாட்டை விளக்குவதில் பெரும்பாலும் காட்டுவதில்லை.

இத்தனைக்கும் தொகை சிறிதன்று. கல்விக் கட்டணம், விடுதி, உணவு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 80 ஆயிரம் டாலருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 70 லட்சம் ரூபாய் ஆகிறது. 2023-24-இல் அமெரிக்காவில் இருந்த சுமார் 3.31 லட்சம் இந்திய மாணவர்களில் இளநிலை பயின்றோர் 36 ஆயிரம் பேர் மட்டுமே என்பதற்கு இச்செலவும் ஒரு காரணம்.

வருமானம் பார்க்கப்படாது என்பதால் இடம் எளிதில் கிடைத்துவிடும் என்று பொருளல்ல. 2024-இல் ஹார்வர்டுக்கு விண்ணப்பித்த 54,008 பேரில் 1,937 பேருக்கே இடம் கிடைத்தது. எம்ஐடியில் வெளிநாட்டு மாணவர்களின் தேர்ச்சி விகிதம் சுமார் 2 சதவீதம்தான்.

இந்தத் தாராளத்தின் அடித்தளமும் தற்போது அசையத் தொடங்கியுள்ளது. வெளிநாட்டு மாணவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவி கிடையாது. எனவே, பல்கலைக்கழகங்கள் தங்கள் நன்கொடை நிதியிலிருந்தே பெரும்பாலும் இவர்களுக்கு உதவுகின்றன. அந்நிதியின் முதலீட்டு வருவாய் மீதான 1.4 சதவீத வரியை, மாணவர் ஒருவருக்கான சொத்து மதிப்புக்கேற்ப 8 சதவீதம் வரை உயர்த்தும் சட்டம் 2025 ஜூலையில் நிறைவேறியது. யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி ஆகியவை உச்ச விகிதத்தில் வரி செலுத்த வேண்டியிருக்கும். 3,000-க்கும் குறைவான மாணவர்களைக் கொண்ட கல்லூரிகளுக்கு இவ்வரி இல்லை. இந்தியாவில் அதிகம் அறியப்படாத ஆம்ஹர்ஸ்ட், போடின் ஆகியவை இவ்வகையில் தப்பிக்கின்றன. ஐவி லீக் என்ற பெயருக்காக மட்டும் பட்டியல் தயாரிக்கும் பெற்றோர் கவனிக்க வேண்டிய செய்தி இது.

இடமும் உதவியும் கிடைத்த பின்னரும் விசா என்ற தடை எஞ்சியுள்ளது. 2025 மே 22-இல் வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஹார்வர்டின் அனுமதியை டிரம்ப் நிர்வாகம் ரத்து செய்தது. நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அம்மாத இறுதியில் மாணவர் விசாவுக்கான புதிய நேர்காணல் பதிவுகள் நிறுத்தப்பட்டன. ஜூனில் அவை மீண்டும் தொடங்கியபோது, சமூக ஊடகக் கணக்குகளை அனைவரும் பார்க்கும்படி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தது.

அதே ஆண்டு அக்டோபரில் 9 பல்கலைக்கழகங்களுக்கு வெள்ளை மாளிகை ஓர் ஒப்பந்த வரைவை அனுப்பியது. நிதிச் சலுகைகளுக்கு ஈடாக, இளநிலை மாணவர்களில் வெளிநாட்டினர் 15 சதவீதத்தையும், எந்த ஒரு நாட்டினரும் 5 சதவீதத்தையும் தாண்டக்கூடாது என்று அது வரையறுத்தது. முதலில் மறுப்புத் தெரிவித்தது எம்ஐடி. அதைத் தொடர்ந்து பிரவுன், பென்சில்வேனியா ஆகியவையும் ஏற்க மறுத்தன.