பணம் அனுப்பினால் மட்டும் போதுமா?

2023 பிப்ரவரியில் விழுப்புரம் மாவட்டம் குண்டலப்புலியூரிலிருந்து வந்த செய்தி தமிழகத்தையே உலுக்கியது. அங்கு இயங்கிவந்த ஓர் ஆசிரமத்திற்குள் காவல்துறையினரும் அதிகாரிகளும் நுழைந்து 140க்கும் மேற்பட்டோரை மீட்டனர். முதியவர்கள், மனநலம் பாதிக்கப்பட்டவர்கள், ஆதரவற்றவர்கள் எனப் பலரும் அதில் இருந்தார்கள். அடித்தார்கள், குரங்கை ஏவிக் கடிக்க வைத்தார்கள், பெண்களைச் சீரழித்தார்கள் என்று குவிந்த புகார்கள் கேட்டவர் நெஞ்சைப் பதற வைத்தன. உரிய அனுமதி இல்லாமலேயே பல ஆண்டுகள் நடந்த இடம் அது! வழக்கு சிபிசிஐடிக்கு மாற்றப்பட்டது.

பல ஆண்டுகள் மூடிக்கிடந்த கதவு எப்படித் திறந்தது?

நம் சமுதாயத்தைச் சேர்ந்த பெரியவர் ஒருவரை 2021 டிசம்பரில் அங்கே சேர்த்திருந்தார்கள். பின்னர் பார்க்கச் சென்றபோது அவர் அங்கில்லை. பெங்களூரில் உள்ள வேறோர் இல்லத்திற்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. அங்கே போய்த் தேடினால் அங்கும் இல்லை. தேடியவர்கள் விடவில்லை. காவல்துறையில் புகார் கொடுத்தார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார்கள். அதன் பிறகுதான் உண்மை வெளியே வந்தது.

சகோதரர்களே, இதில் நமக்கொரு பாடம் இருக்கிறது. ஒரே ஒருவரைத் தேடி ஆள் வந்ததால் நூற்றுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டார்கள். அநியாயம் செய்பவன் யார் மீது கை வைப்பான்? கேட்க நாதியில்லாதவர் மீதுதான்!

"நம் குடும்பங்களில் பெற்றோரை இல்லத்தில் விடும் வழக்கம் ஏது?" என்று சிலர் கேட்கலாம். மகன் துபாயில், மருமகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். ஊரில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் உம்மாவை யார் பார்ப்பது? வேறு வழியின்றி இல்லத்தில் சேர்ப்பவர்களை நாம் பழிக்கவில்லை. ஆனால் சேர்த்ததோடு கடமை முடிந்தது என்று நினைப்பதைத்தான் கண்டிக்கிறோம். மாதம் தவறாமல் பணம் போகிறது; ஆள் போய் எத்தனை மாதமாயிற்று?

உலக சுகாதார நிறுவனம் எடுத்துக்காட்டும் ஆய்வுகளைப் பாருங்கள். முதியோர் இல்லம் போன்ற இடங்களில் வேலை செய்வோரில் மூன்றில் இருவர், ஓராண்டுக்குள் ஏதோ ஒரு வகையில் முதியவர்களைத் துன்புறுத்தியதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அடிப்பது மட்டும் துன்புறுத்தல் அல்ல. தாகத்திற்குத் தண்ணீர் தராததும், நனைந்த துணியோடு மணிக்கணக்கில் கிடத்துவதும், ஏசுவதும் துன்புறுத்தல்தான்.

பார்க்கப் போகிறவர்கள் வரவேற்பறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுத் திரும்பாதீர்கள். கட்டில் வரை செல்லுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் ஆகிய இடங்களைப் பாருங்கள். அடிக்கடி புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதலில் அங்கேதான் படுக்கைப் புண் வரும். உடல் திடீரென இளைத்திருக்கிறதா? நாக்கு வறண்டிருக்கிறதா? மேல்கைகளில் விரல் பதிந்த கன்றல் உண்டா? மணிக்கட்டில் கயிற்றின் தழும்பு உண்டா? எப்போது போனாலும் மயக்கத்திலேயே இருக்கிறாரா? அப்படியானால் என்ன மாத்திரை, எந்த மருத்துவர் எழுதியது என்று சீட்டைக் கேளுங்கள். வேலையாள் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்திக்கொள்கிறாரா? வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கினார்களா? "வயதானவர், தடுக்கி விழுந்துவிட்டார்" என்ற பதிலை ஒருமுறை நம்பலாம். ஒவ்வொரு முறையும் நம்பலாமா?

சொல்லிவிட்டுப் போகாதீர்கள். ஒருநாள் காலை, ஒருநாள் இரவு என்று நேரம் மாற்றிப் போங்கள். அவரோடு தனியே பேசுங்கள். தனியே பேச விடமாட்டோம் என்று சொல்லும் இல்லத்தில் ஒருநாளும் விட்டுவைக்காதீர்கள்.

சந்தேகம் வலுத்தால் ஆத்திரப்பட்டுச் சண்டை போட்டுவிட்டு வருவதால் பயனில்லை. நாம் திரும்பியதும் அந்தக் கோபம் படுத்திருப்பவர் மேல்தான் இறங்கும். காயத்தைத் தேதியோடு படம் எடுங்கள். முதலில் அவரை வெளியே கொண்டுவந்து அரசு மருத்துவமனையில் காட்டி, காயங்களைப் பதிவு செய்யுங்கள். காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். அதன் நகலை மாவட்ட ஆட்சியருக்கும் மாவட்ட சமூகநல அலுவலருக்கும் அனுப்புங்கள். முதியோருக்கென்றே 14567 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி உதவி எண் இருக்கிறது. அவசரமென்றால் 112.

சட்டம் இல்லத்தாரை மட்டும் கேட்கவில்லை, பிள்ளைகளையும் கேட்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இல் வந்தது. பராமரிப்பில் உள்ள முதியவரைக் கைவிடுபவருக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. கவனித்துக்கொள்வோம் என்ற நிபந்தனையில் சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தையே செல்லாததாக்க முடியும். ஜீவனாம்சம் கேட்டு முதியவரே கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். இது நம் ஊர்ப் பெரியவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

வணிகப் பெருமக்களே! ரமலானில் இல்லங்களுக்கு அரிசி மூட்டையும் காசோலையும் அனுப்புகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் ஐயாயிரம் ரூபாய்ச் சரக்கு வாங்கினால் பிரித்துப் பார்க்கும் நீங்கள், கொடுத்த அரிசி எந்த வயிற்றுக்குப் போனது என்று பார்த்ததுண்டா? பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள். இரவில் எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று கேளுங்கள். கடைசியாக மருத்துவர் வந்தது எப்போது என்று கேளுங்கள். கொடுப்பவன் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியே ஆகவேண்டும்.

இளைஞர்களே! ஒவ்வொரு மஹல்லாவிலும் நான்கு பேர் சேருங்கள். நம் ஊரிலிருந்து எந்த இல்லத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். மாதம் இருமுறை போய்ப் பாருங்கள். பக்கத்துக் கட்டிலில் கிடப்பவர் எந்த மதத்தவராக இருந்தாலும் அவரிடமும் நலம் விசாரியுங்கள். "இவருக்கும் ஆள் இருக்கிறது" என்று அங்கே வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் தெரியட்டும்.

இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் வீட்டுக்குப் போகுமுன் பள்ளிவாசல் வாசலிலேயே அந்தப் பட்டியலைத் தொடங்குங்கள்!